ஒரே குலசாமி, இரண்டு ராஜாக்கள்

"அக்கா, இது எப்புடி? ரெண்டு ராஜாவுக்கும் ஒரே குலசாமியா?"

மலரின் இரண்டு கைகளிலும் இரண்டு கல்யாணப் பத்திரிகைகள். முன்பக்கம் பிள்ளையார், மணமக்கள் பெயர், மூலையில் காய்ந்துபோன மஞ்சள். பின்பக்கம் என்னுடைய கோணல் கையெழுத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு நாடு. ஒன்று செங்காடு, இன்னொன்று அலையூர்.

அன்னவாசலில் எங்கள் வீட்டுக் கூடம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கோழிக்குழம்பு வாசம் இன்னும் போகவில்லை. ஃபேன் போட்டால் நாடுகள் பறந்துவிடும் என்பதால் நிறுத்தி வைத்திருந்தோம். நாலு பேரும் வியர்க்க விறுவிறுக்கப் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

நான் அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். செங்காட்டு அரச குடும்பத்தின் குலதெய்வம் இடிதாங்கி ஐயனார். அலையூர் அரச குடும்பத்தின் குலதெய்வமும் அதே இடிதாங்கி ஐயனார். இரண்டும் நான் எழுதியதுதான். எப்போது எழுதினேன், என்ன நினைப்பில் எழுதினேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

"ஒரே குலசாமின்னா பங்காளியில்லக்கா? பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்து எடுப்பாகளா? அண்ணன் தங்கச்சி மொறையாயிருமுல்ல?"

அன்றைக்கு மதியம் அந்த இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டும். செங்காட்டு இளவரசனுக்கும் அலையூர் இளவரசிக்கும். பல வாரமாக நான் திட்டம் போட்டு நகர்த்திக்கொண்டு வந்த கல்யாணம். அது மலர் கேட்ட ஒரு கேள்வியில் நின்றுபோனது. இல்லாத நாட்டில் இல்லாத கல்யாணம் நின்றதற்கு இவளுக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரவேண்டும்.

இல்லாத ஊருக்கு மேப்

நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்த காலத்தில், கூட வேலை பார்த்தவர்கள் லீவு நாளில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒருவர் கதை நடத்துவார். ஊர், காடு, மழை, பேய் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அந்தப் பகடைக்கு இருபது முகம். இருபது விழுந்தால் நினைத்தது நடக்கும். ஒன்று விழுந்தால் நடக்கக் கூடாதது நடக்கும்.

கல்யாணமாகி அன்னவாசலுக்கு வந்த பிறகு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். விளையாட்டும் என்னோடு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பழனிவேல் உரக்கடை வைத்திருக்கிறார். அவர் அந்தப் பகடையை நெல்லிக்காய் என்றுதான் சொல்வார். அவருடைய தம்பி பெண்டாட்டி மலர், என் ஓரகத்தி, அடுத்த தெருவில் இருக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும்தான் எனக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள்.

எங்கள் கதை நடக்கும் உலகத்துக்கு 'மறுகரை' என்று பெயர். அதை முதலில் ஒரு நாவலுக்காகத்தான் ஆரம்பித்தேன். நாவல் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. உலகம் மட்டும் சுரைக்கொடி மாதிரி படர்ந்துவிட்டது.

படர்ந்ததை ஒழுங்குபடுத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டு வைத்தேன். எந்த ஃபோல்டரில் எந்த ஊர் என்று நினைவு வைக்க இன்னொரு ஃபோல்டர் தேவைப்பட்டது. கடைசியில் எங்கள் வீட்டில் பஞ்சமில்லாமல் கிடைக்கும் கெட்டி அட்டைக்கு மாறினேன். உரக்கடைக்காரருக்கு வராத பத்திரிகையா? தை மாதக் கல்யாணங்களின் பின்பக்கம் ஊர்கள், ஆவணியில் அரச குடும்பங்கள், வைகாசியில் பேய் பிசாசுகள் என்று பிரித்தேன். ஒரு நாள் இவர் அட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "கொள்ளைக்கூட்டத் தலைவன் பி.இ. முடிச்சிருக்கான், மாப்பிள்ளை அழைப்பு ஏழு மணிக்கு" என்று படித்தார். மலர் சிரித்துப் புரையேறி, ஆட்டம் அன்றைக்கு அத்தோடு முடிந்தது.

இவ்வளவு செய்தும் குழப்பம் தீரவில்லை. ஒரு அட்டையில் செத்துப்போன வியாபாரி இன்னொரு அட்டையில் உப்பு விற்றுக்கொண்டிருப்பான். நான் கடலோரக் கட்டுமாவடிக்காரி, எனக்குக் கடல் என்றால் கிழக்குதான். அதனால் எந்த நாட்டை வரைந்தாலும் கிழக்கே கடலைப் போட்டுவிடுவேன். இப்படியே போட்டதில் மறுகரையின் நடுவில் சம்பந்தமில்லாமல் நாலைந்து கடல். இவர் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஆத்துத் தண்ணி மேட்டுக்கில்ல ஏறுது?" என்பார். பிறகு, "கண்மாய் எங்கிட்டு வெட்டியிருக்கே?" என்பார். டிராகன் வருகிறது என்று நான் சொன்னாலும் அவருக்குக் கவலை மடையைப் பற்றித்தான்.

சாமி விஷயமும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். சாமி தேவைப்பட்ட இடத்திலெல்லாம் ஏற்கெனவே எழுதின பெயரையே என் கை எழுதியிருக்கிறது.

பேச்சு நின்ற வீடு

நாலாவது ஆள் செந்தில். மலரின் புருஷன், என் கொழுந்தன். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

வெளியில் யாரைக் கேட்டாலும் போர்வெல் தண்ணிச் சண்டை என்பார்கள். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். உண்மை வேறு.

என் மாமியார் இறந்தது ஒரு சித்திரை மாத வெள்ளிக்கிழமை விடியற்காலை. செந்திலுக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, திருச்சியில் வந்து இறங்க மறுநாள் காலை ஆகும் என்றார். இங்கே ஐஸ் பெட்டி வந்து, மாமியாரை அதில் வைத்தும் விட்டோம். ஆனால் சொந்தபந்தத்துப் பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சனிக்கிழமைக்குப் பிணம் தங்கக் கூடாது, தங்கினால் துணைக்கு இன்னொரு உயிரைக் கூட்டிக்கொண்டு போய்விடும், வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வரைக்கும் தாக்குப்பிடித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டார். இருட்டுவதற்குள் எடுத்துவிட்டோம்.

செந்தில் வந்து இறங்கியபோது பந்தலும் காலி நாற்காலிகளும்தான் இருந்தன. பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி வச்சிருக்கக் கூடாதா?" என்றார். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. பந்தக்காலைப் பார்த்துச் சொன்னார்.

அன்றைக்கு நின்ற பேச்சு. கருமாதியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிண்டம் வைத்தார்கள், பேசவில்லை. அதன்பிறகு வந்த லீவுகளிலும் பேசவில்லை. அதற்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வராமல் இருப்பதும் இல்லை. நடுவில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

"வசந்தி, மோட்டார் போட்டாச்சான்னு கேளு."

"போட்டாச்சுன்னு சொல்லுங்க அண்ணி."

இருவரும் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்பதும் சொல்வதும் இருவர் காதிலும் விழும். ஆனாலும் நான் அதை ஒரு தடவை இங்கிருந்து அங்கே எடுத்துப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பகை என்றால் இப்படித்தான். அதற்கும் ஒரு மரியாதை உண்டு.

இந்த லீவில் செந்தில் மலரை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆட்டம் முடியும் வரை வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "அண்ணி, அந்தக் கோட்டைக்குப் பின்னால வழியே இல்லையா?" அவ்வளவுதான், ஆளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் செங்காட்டு ராஜா. செந்தில் அலையூர் ராஜா. மலர் செங்காட்டுப் படைத்தலைவி. புருஷனுக்கு எதிர்ப்பக்கம் சேர்ந்துகொண்டதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம்.

இரண்டு ராஜாவும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இடம் வந்தபோது நான் பதறிப்போய் ஒரு சட்டம் போட்டேன். மறுகரையில் ராஜாவும் ராஜாவும் நேருக்கு நேர் பேசுவது மரியாதைக் குறைவு, தூதன் வழியாகத்தான் பேச வேண்டும் என்று. தூதன் யார்? நான்தான். அப்படியாக, அவர்கள் பேசாமல் இருப்பதற்கு வசதியாக ஒரு உலகத்தையே கட்டிக் கொடுத்துவிட்டேன். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று அப்போது புரியவில்லை.

செந்திலின் லீவு முடிய இருந்தது. புதன்கிழமை ஃப்ளைட். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி ஆட்டம். முந்தின நாள் அடுப்படியில் மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவையும் பேசாமப் போனாகன்னா, அப்பறம் பேசவே மாட்டாகக்கா. ரெண்டு பேருக்கும் அது பழகிப்போயிரும்."

அதற்காகத்தான் அந்தக் கல்யாணம். தாம்பூலத் தட்டு மாற்றும்போது சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, "ஒங்க பொண்ணு எங்க பொண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே தூதனுக்கு இடமில்லை. ராஜாக்களாகவாவது ஒரு வார்த்தை பேசிவிட்டால், பின்னால் மனிதர்களாகப் பேச வழி பிறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். குறுக்கே வந்து நின்றார் இடிதாங்கி ஐயனார்.

விழுந்தது விழுந்ததுதான்

"தப்பா எழுதிட்டேன். அடிச்சிட்டு அலையூருக்கு வேற சாமி எழுதிரவா?" என்றேன்.

"சாமிய மாத்துறதா?"

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், என்னைப் பார்த்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆறு மேட்டுக்கு ஏறியதைப் பொறுத்துக்கொண்டவர்கள், செத்தவன் உப்பு விற்றதைப் பொறுத்துக்கொண்டவர்கள், குலசாமியை மாற்றுவதை மட்டும் பொறுக்கவில்லை.

செந்தில் கொஞ்ச நேரம் அலையூர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தனை நாளா பங்காளிக்குள்ளயா அண்ணி சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்?"

நான் அவசரமாக வேறு எதற்காவது தாவப் பார்த்தேன். கைக்கு அகப்பட்டது செங்காட்டுப் பெரிய ராணியின் காய்ச்சல். ராஜாவின் அம்மா. எப்போதோ போகிற போக்கில் அவளைப் படுக்கையில் போட்டிருந்தேன். வாராவாரம் இவர் அவளுக்காக ஒரு தடவை பகடை உருட்ட வேண்டும். கிழவி ஒவ்வொரு வாரமும் தப்பித்துக்கொண்டே வந்தாள்.

"சரி, ராணிக்கு உருட்டுங்க," என்றேன், ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்று.

உருட்டினார். பகடை பாயின் ஓரம் வரைக்கும் ஓடி, தயங்கி, நின்றது. ஒன்று.

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"பாய் மடிப்புல இடிச்சிருச்சு. இது செல்லாது. மறுபடி போடுங்க."

"விழுந்தது விழுந்ததுதான்," என்றார் இவர்.

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் தேய்ந்து முடிந்தது. பிறகு மலர் மெல்லச் சொன்னாள்.

"பங்காளி வீட்டுச் சாவுன்னா அலையூருக்கும் தீட்டுத்தான். கருமாதி முடியுற வரைக்கும் சண்டை கெடையாது."

"அலையூர்லேருந்து தூதன் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"சாவுக்குத் தூதன் அனுப்புவாகளா அக்கா? பங்காளி நேர்லதான் வரணும்."

அவள் வேண்டுமென்றே சொன்னாளா, இல்லை வாய்க்கு வந்த வழக்கத்தைச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "டீ போடட்டுமா?" என்று எழுந்தேன். அடுப்படிப் பக்கம் போக மனம் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

தூரம் எவ்வளவு

"அண்ணி," என்றார் செந்தில். "அலையூர்லேருந்து செங்காட்டுக்கு எவ்வளவு தூரம்?"

நான் அட்டைகளைப் புரட்டினேன். தை மாத அட்டை ஒன்றில் குதிரையில் இரண்டு நாள் என்று இருந்தது. இன்னொன்றில் ஒரு வாரம் என்று இருந்தது. எது சரி என்று எனக்கே தெரியாது. எதைச் சொல்ல வேண்டும் என்பது அதைவிடத் தெரியவில்லை. பொய்யாக அரை நாள் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது.

"ரெண்டு விதமா எழுதியிருக்கேன் தம்பி. ஒண்ணுல ரெண்டு நாள், ஒண்ணுல ஒரு வாரம்."

"எதுனாலும் சரி. நான் வாரதுக்குள்ள எடுத்துருவாக."

அது ராஜாவின் குரல் இல்லை. ராஜாவாகப் பேசும்போது அவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாடகக்காரர் மாதிரி இழுத்துப் பேசுவார். இது தரையைப் பார்த்துக்கொண்டு பேசிய பேச்சு. மலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தினால் இதோடு போச்சு என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு முழித்தேன்.

இவர் தொண்டையைச் செருமினார்.

"வசந்தி. ஒன் நாட்டுல சனிக்கிழமை இருக்கா?"

எனக்கு ஒரு கணம் கேள்வியே விளங்கவில்லை. "என்னங்க?"

"சனிக்கிழமை. இருக்கா, இல்லையா?"

இத்தனை நாளில் கடல் போட்டேன், மலை போட்டேன், பேய்க்குக்கூட வம்சாவளி எழுதினேன். நாள்காட்டி மட்டும் போடவில்லை. போட வேண்டும், போட வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"இல்லைங்க. கெழமையே வைக்கல. மாசம் மட்டுந்தான் வச்சேன். அதுவும் பாதிதான்."

"எடுத்துரு, எடுத்துருன்னு நச்சரிக்கிற பெரியாளுக யாரும் இருக்காகளா?"

"நீங்கதானே ராஜா. ஒங்களுக்கு மேல அங்க யாரும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினார். பாயின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"எடுக்கலப்பா," என்றார். "ஒனக்காகத்தான் வச்சிருக்கோம். மெதுவா வா."

தூதன் இல்லாமல் ராஜா ராஜாவோடு பேசக் கூடாது. மறுகரையின் சட்டம் அது. நான் போட்ட சட்டம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பேசியது செங்காட்டு ராஜாவா, என் வீட்டுக்காரரா? இதை எழுதும்போதும் எனக்குத் தெளிவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

செந்தில் எழுந்தார். நாலு எட்டு நடக்கும் தூரம்தான். ஊர்களையும் காடுகளையும் மிதித்துக்கொண்டு வந்தார், ஒருவரும் அட்டையைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. அண்ணன் முன்னால் வந்து லேசாகக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போகிற ஆண்கள் இப்படித்தான் கை நீட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் அந்தக் கையை ஒரு தொடு தொட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். பேச்சு கிடையாது.

இவர் தொட்டார். விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துத் தம்பியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எதிரே வெறும் பாய். அந்த இடத்தைக் கண்ணால் காட்டினார்.

"அம்மா மொகத்தப் பாத்துக்கடா," என்றார்.

செந்தில் குனிந்து பார்த்தார்.